ஓக்லாந்தின் பாரமவுண்ட் அரங்கில்

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகர மையத்தில், பிராட்வே வீதியும் 21ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் பாரமவுண்ட் திரையரங்கை முதலில் பகல் வெளிச்சத்தில் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கவும், பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை இரவில் அங்கேயே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்கவும் எனக்கு வாய்த்தது. பகலில் அது ஒரு கட்டடமாகவும் இரவில் ஒரு திரையரங்காகவும் இருந்தது. இரண்டையும் பார்த்ததனால்தான் இதை எழுதுகிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பல ஆண்டுகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில்கூட இந்த அரங்கின் உள்ளே போனவர்கள் மிகச் சிலரே என்பதை நண்பர்களிடம் பேசியபோது அறிந்தேன். அந்தக் குறை தீர வேண்டும் என்பது என் உண்மையான விருப்பம்.

பார்ட் ரயிலில் வருபவர்கள் 19ஆம் தெரு நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால், அரங்கு சில நிமிட நடைத் தொலைவில் இருக்கிறது. முதலில் கண்ணில் படுவது கட்டடத்தின் உச்சிக்கும் மேலாக நீளும் செங்குத்தான நியான் பெயர்ப்பலகை. அதன் இருபுறமும் ஏறத்தாழ நூறு அடி உயரத்திற்கு எழும் சுவர் முழுவதும் வண்ண ஓடுகளால் ஆன மொசைக் ஓவியம் பரவியிருக்கிறது. ஒரு பக்கம் ஓர் ஆண், மறுபக்கம் ஒரு பெண், இருவரும் பொம்மலாட்டக்காரர்களைப் போல விரல்களில் நூல்களைப் பிடித்திருக்க, அவர்களுக்குக் கீழே ஆடுவோரும் பாடுவோரும் நடிப்போரும் விளையாட்டு வீரர்களுமாகச் சிறிய உருவங்கள் அணிவகுக்கின்றன. ஓடுகளைச் செய்து தந்தது கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற சுடுமண் தொழிலகமான கிளாடிங் மெக்பீன். இந்தச் சுவரைச் சாலையின் எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும். அருகில் போனால் ஓடுகள் தெரியும், ஓவியம் தெரியாது.

இதை வடிவமைத்த டிமதி ஃப்ளூகர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர். 1922இல் காஸ்ட்ரோ திரையரங்கையும், 1925இல் நியூ மாண்ட்கோமரி வீதியின் தொலைபேசி நிறுவன வானளாவியையும், அதன் பிறகு மாயா நாகரிகத்தின் சிற்ப வடிவங்களை உள்ளும் புறமும் பதித்த 450 சட்டர் மாளிகையையும் கட்டியவர். ஓவியர்களையும் சிற்பிகளையும் தொடக்கத்திலேயே அழைத்துவந்து, கட்டடத்தோடு சேர்ந்து அவர்களின் கலையும் உருவாகும்படி செய்வது அவருடைய வழக்கம். பாரமவுண்ட் எழுந்துகொண்டிருந்த அதே 1931இல் சான் பிரான்சிஸ்கோ பங்குச் சந்தை மன்றத்தின் படிக்கட்டுச் சுவரில் மெக்சிக ஓவியர் டியேகோ ரிவேரா வரைந்த சுவரோவியமும் ஃப்ளூகரின் கட்டடத்திற்காக உருவானதே. பாரமவுண்டின் உள்ளே நுழைந்ததும் இந்தப் பழக்கத்தின் பயன் தெரிகிறது. ஒரு கதவுப்பிடி, ஒரு மாடிப்படிக் கைப்பிடி, ஒரு விளக்கு எதுவும் கடையில் வாங்கிவந்து பொருத்தப்பட்டதாகத் தோன்றவில்லை. எல்லாமே ஒரே மனத்திலிருந்து பிறந்தவை.

வழிகாட்டி எங்களைக் கதவுகளைத் தாண்டி முன்கூடத்திற்குள் அழைத்துச் சென்றதும், குழுவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூடத்தின் உயரம் 58 அடி. பக்கச் சுவர்கள் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைச்சீலையைப் போல நெடுங்கோடுகளாக மேலேறுகின்றன. நுழைவாயிலுக்கு மேலே, உள்ளிருந்து ஒளிரும் கண்ணாடியால் ஆன ஒரு நீரூற்று வடிவம்; தண்ணீருக்குப் பதிலாக வெளிச்சம் பொங்கி வழிவதாக அமைத்திருக்கிறார்கள். கூரை என்று நாம் நினைப்பது உண்மையில் கூரை அன்று. மெல்லிய உலோகத் தகடுகளை விளிம்பு கீழ்நோக்கி இருக்குமாறு வளைத்தும் இணைத்தும் தொங்கவிட்டு, இலைகளும் கொடிகளும் போன்ற ஒரு வலையை உண்டாக்கி, அதற்கு மேலே வண்ண விளக்குகளை மறைத்து வைத்திருக்கிறார்கள். விளக்கு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பச்சை ஒளி மட்டும் தகடுகளின் இடுக்குகளில் கசிந்து இறங்குகிறது. அடர்ந்த மாமரத் தோப்பின் அடியில் நின்று மேலே பார்ப்பதைப் போன்ற உணர்வு அது. சாந்தில் செதுக்கி, பொன்பூச்சு பூசி, மாளிகைகளின் தோற்றத்தை உண்டாக்கிய 1920களின் அரங்குகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகத் தெரிகிறது. அந்த அரங்குகள் ஸ்பானிய மாளிகையாகவோ எகிப்தியக் கோயிலாகவோ தம்மைக் காட்டிக்கொண்டன. ஃப்ளூகர் தகட்டையும் மின்விளக்கையும் கொண்டே, வேறொரு காலத்தின் சாயல் இல்லாத ஓர் அழகை உண்டாக்க முனைந்தார். ஆர்ட் டெக்கோ என்ற பெயரில் நாம் அறிந்திருக்கும் அக்காலக் கட்டட, அலங்காரப் பாணியின் உயிர்நாடி இதுதான் என்பது என் எண்ணம்.

இத்தனை செல்வமும் எந்த ஆண்டில் கொட்டப்பட்டது என்பதை நினைத்தால் வியப்பு மிகுகிறது. பங்குச் சந்தை வீழ்ந்தது 1929 அக்டோபரில். பாரமவுண்டின் கட்டுமானம் தொடங்கியது 1930 டிசம்பரில். பொருளாதாரப் பெருமந்தம் ஆழமாகிக்கொண்டிருந்தபோது ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவில், 3,476 இருக்கைகளுடன் எழுந்த அந்த அரங்கு 1931 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. முதல் படத்தின் கதாநாயகி கே ஃபிரான்சிஸும் கலிஃபோர்னிய ஆளுநர் ஜேம்ஸ் ரால்ஃபும் விழாவுக்கு வந்திருந்தார்கள். பால்கனிக்கு 60 சென்ட், கீழ்த்தளத்துக்கு 85 சென்ட் என்று கட்டணம். அந்தப் பணத்திற்கு ஒரு படம் மட்டுமல்லாமல் செய்திச்சுருள், கேலிச்சித்திரப் படம், மேடை நடனம், இசைக்குழு, ஆர்கன் என்ற பெரிய குழலிசைக் கருவியின் வாசிப்பு என்று ஒரு முழு மாலைப் பொழுதும் கிடைத்தது. ஆனால் அதை நடத்த வாரத்திற்கு 27,000 டாலருக்கு மேல் தேவைப்பட்டது. வேலை இழந்தவர்கள் நிறைந்த ஊரில் 3,476 இருக்கைகளை நாள்தோறும் நிரப்புவது நடக்கக்கூடியதாக இல்லை. திறந்து ஆறே மாதத்தில், 1932 ஜூனில், அரங்கு மூடப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு இருளில் கிடந்த பின்னர் 1933 மேயில் மீண்டும் திறந்தார்கள்.

அதற்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளின் கதை அமெரிக்க நகர மையங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பதால் விரிக்கத் தேவையில்லை. படத் தயாரிப்பு நிறுவனங்கள் திரையரங்குகளைத் தம் கையில் வைத்திருக்கக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது. நெடுஞ்சாலைகள் மக்களைப் புறநகர்களுக்குக் கொண்டுசென்றன. ஃப்ளூகரின் திட்டத்திலேயே இல்லாத பாப்கார்ன் எந்திரங்களும் மிட்டாய்க் கடைகளும் 1950களில் அந்த முன்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தன. அரங்கின் மூல ஆர்கன் விற்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் பார்ட் சுரங்க ரயிலுக்காகப் பிராட்வே வீதியையே தோண்டிப் போட்டிருந்தார்கள். புறநகர்களில் எழுந்த சிறிய அரங்குகளோடு போட்டியிட முடியாமல் 1970 செப்டம்பர் 15 அன்று பாரமவுண்ட் மூடப்பட்டது. இன்று பார்வையாளர்களை அதன் வாசலுக்கே கொண்டுவந்து இறக்கிவிடும் ரயில் ஓடத் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

இந்த இடத்தில் வளைகுடாவுக்கு அக்கரையில் நடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் வீதியில் 1929இல் 4,600க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் திறக்கப்பட்ட ஃபாக்ஸ் திரையரங்கு, நாட்டின் மிக ஆடம்பரமான அரங்குகளில் ஒன்று என்று கொண்டாடப்பட்டது. 1963இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். திறந்து முப்பத்து நான்கு ஆண்டுகள்கூட முழுமையாக ஆகவில்லை. பாரமவுண்ட் மூடப்பட்டபோது அதே முடிவு இதற்கும் காத்திருக்கிறது என்று எண்ணியவர்கள் இருந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதைக் காப்பாற்றியது சினிமா அன்று, செவ்வியல் இசை. ஓக்லாந்து சிம்பொனி இசைக்குழுவுக்குச் சொந்தமாக ஒரு நல்ல அரங்கு தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் பிற ஊர்களின் இசைக்குழுக்கள் ஒரு வழியைக் காட்டியிருந்தன: செயின்ட் லூயிஸில் 1925இல் கட்டப்பட்ட திரையரங்கு 1968இல் பவல் அரங்கமாக மாறியது, பிட்ஸ்பர்க்கில் 1927இல் கட்டப்பட்ட லோவ்ஸ் பென் திரையரங்கு 1971இல் ஹைன்ஸ் அரங்கமாக மாறியது. புதிய அரங்கைக் கட்டுவதைவிடப் பழைய திரையரங்கைச் செப்பனிடுவது பன்மடங்கு மலிவு என்பதை அவை மெய்ப்பித்திருந்தன. மேலும், ஒலிபெருக்கிகள் வளராத காலத்தில், மேடை நிகழ்ச்சிகளையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட அரங்குகள் ஆதலால், இசைக்கு வேண்டிய மேடையும் ஒலியமைப்பும் அவற்றில் இயல்பாகவே இருந்தன. 1972 அக்டோபரில் சிம்பொனி சங்கம் பாரமவுண்டை 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதில் பாதியை விற்றவரே நன்கொடையாக விட்டுக்கொடுத்தார். மறுபாதியைத் தனியார் கொடையாளர்கள் தந்தார்கள்.

அடுத்து நடந்த மறுசீரமைப்புத்தான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் என்ற பெரிய கட்டடக்கலை நிறுவனம் அதை ஏற்றது. கண்ணாடிச் சுவர் வானளாவிகளுக்குப் பெயர்பெற்ற, நவீனத்தின் முழுவடிவம் என்று கருதப்பட்ட நிறுவனம் அது. பழைய அரங்கைக் கையில் எடுத்தவுடன் வெள்ளையடித்து, அலங்காரங்களை உரித்து, புதுமெருகு ஏற்றியிருந்தாலும் 1972இல் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர்கள் அதைச் செய்யவில்லை. திறப்பு விழாவின்போது அரங்கு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பித் தருவது என்ற ஒரே முடிவை எடுத்து, அதிலிருந்து வழுவாமல் நின்றார்கள். பழைய நிழற்படங்களையும் எஞ்சியிருந்த துணிகளையும் சான்றாகக் கொண்டு, கம்பளத்தை மூல வடிவத்திலேயே மறுபடி நெய்வித்தார்கள்; இருக்கைத் துணியும் அப்படியே. பின்னாளில் நுழைந்த ஒட்டுவேலைகளை அகற்றினார்கள். நல்லூழாக, சிற்பங்களும் உலோகத் தகட்டுக் கூரையும் பெருமளவு சிதையாமல் இருந்தன. அதனால் முழு வேலையும் ஏறத்தாழ 10 லட்சம் டாலரில் முடிந்தது. 1973 செப்டம்பர் 22 அன்று அரங்கு மீண்டும் திறந்தது. வாங்கியதிலிருந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

ஒன்றில் மட்டும் 1931ஐ அவர்கள் அப்படியே பின்பற்றவில்லை. இருக்கை வரிசைகளுக்கு இடையிலான இடைவெளியை அகலப்படுத்தினார்கள். இதனால் இருக்கைகள் 3,476இலிருந்து ஏறத்தாழ 3,000ஆகக் குறைந்தன. இந்த முடிவை நான் மனமார ஆதரிக்கிறேன். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து இசை கேட்பவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். கண்ணால் காணும் எதையும் மாற்றாமல், உடலுக்கு வேண்டியதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பழையதை மீட்பவர்கள் எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சுற்றுலாவின்போது எங்கள் குழுவில் ஓக்லாந்திலேயே பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருவர் தம் பேத்தியுடன் வந்திருந்தார். சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமைகளில் அண்ணன்மாருடன் இங்கே படம் பார்க்க வந்ததாகவும், அப்போது முன்கூடம் இருட்டாகவும் மங்கலாகவும் இருந்ததென்றும், தலைக்கு மேலே இப்படி ஒரு பச்சை ஒளி இருப்பது தமக்குத் தெரியவே தெரியாது என்றும் பேத்தியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். மறுசீரமைப்பு என்றால் முதியவர்களின் இளமைக் கால நினைவைத் திருப்பித் தருவது என்றுதான் பொதுவாக நாம் நினைக்கிறோம். இங்கே நடந்திருப்பது அதைவிடப் பெரியது: அவருடைய தலைமுறை ஒருபோதும் பார்த்திராத, அவருடைய பெற்றோர் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய ஓர் அரங்கு அவருக்குக் கிடைத்திருக்கிறது.

கீழ்த்தளத்தில் பெண்களுக்கான ஓய்வறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று புகைபிடிக்கும் அறை. பெண்கள் பொது இடத்தில் புகைப்பது நல்ல பழக்கமாகக் கருதப்படாத காலத்தில், அவர்களுக்கென்று ஒதுக்குப்புறமாக ஓர் அறையை அமைத்து, அதன் சுவர்களுக்குப் பளபளக்கும் கறுப்பு அரக்குப் பூச்சுக் கொடுத்து, ஓவியங்களாலும் அழகுபடுத்தியிருக்கிறார்கள். மேலே கூடத்தில் எல்லாம் பச்சையும் பொன்னும் செம்மையுமாக இருக்க, இங்கே அந்தக் கறுப்பு நம்மை அறியாமல் குரலைத் தாழ்த்திப் பேச வைக்கிறது. பெரும்பாலான பார்வையாளர்கள் அறையின் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்கோ இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த அறை இதுதான். பணம் கொடுத்து வரும் எளிய பெண் ஒருத்தி, இடைவேளையில் சில நிமிடங்கள் உட்கார்ந்து போவதற்காக இவ்வளவு உழைப்பைச் செலவிட்ட ஒரு காலம் இருந்தது என்பது என்னை நெகிழச் செய்தது.

அரங்கின் உட்புறம் முழுவதும் பொன்னிறம். பக்கச் சுவர்களிலும் மேடையைச் சுற்றியும் உள்ள சாந்துப் புடைப்புச் சிற்பங்களை ஃப்ளூகரின் நெடுநாள் கூட்டாளியான சிற்பி ராபர்ட் போர்ட்மன் ஹோவர்ட் செய்தார். விவிலியக் கதைகளிலிருந்தும் பழம்புராணங்களிலிருந்தும் எடுத்த உருவங்கள், செடிகொடிகள், விலங்குகள் ஆகியவை மிகத் தாழ்ந்த புடைப்பில் அமைந்திருப்பதால், விளக்குகள் முழுதாக எரியும்போது அவை தட்டையாகத் தோன்றுகின்றன. வழிகாட்டி விளக்குகளைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்னார். அப்போது ஒளி சாய்ந்து விழ, உருவங்கள் ஒவ்வொன்றாகச் சுவரை விட்டு எழுந்து வருவதைக் கண்டோம். படம் தொடங்குவதற்கு முன் விளக்குகள் மங்கும் அந்த அரை நிமிடத்திற்காகவே சிற்பி இப்படிச் செதுக்கியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

கட்டடத்தை மீட்டாலும் அதை வைத்திருப்பவருக்குப் பணம் வேண்டும் அல்லவா? திறந்த இரண்டே ஆண்டுகளில் இசைக்குழு நிதி நெருக்கடியில் சிக்கியது. 1975இல் அரங்கை ஓக்லாந்து நகராட்சிக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்று, பல பத்தாண்டுகளுக்குத் தமக்கு அங்கே நிகழ்ச்சி நடத்தும் உரிமையைப் பெற்றுக்கொண்டார்கள். 1977இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1986இல் அந்த இசைக்குழுவே திவாலாகிக் கலைந்தது. ஆனால் அரங்கு நகரத்தின் கையில் இருந்ததால் அதற்கு எதுவும் நேரவில்லை. சில ஆண்டுகளில் புதிய இசைக்குழு ஒன்று உருவாகி, மைக்கேல் மார்கன் என்ற அருமையான நடத்துநரின் தலைமையில் முப்பது ஆண்டுகள் அதே மேடையில் வாசித்தது. அவர் 2021இல் காலமானார். இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு நகராட்சியின் சார்பில் அரங்கை நடத்துகிறது. இசைக் கச்சேரிகள், பாலே, நகைச்சுவை நிகழ்ச்சிகள், ஊர்க் கூட்டங்கள் என்று மேடை ஓயாமல் இயங்குகிறது. அந்த ஒரு டாலர் விற்பனையைத்தான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்வாக நான் கருதுகிறேன். கம்பளத்தை நெய்தவர்களின் திறமை பெரிது. ஆனால் அதை ஆண்டுதோறும் தூய்மையாக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்திராவிட்டால், 1973இல் செய்த வேலை எல்லாம் வீணாகப் போயிருக்கும்.

திரைப்பட இரவுக்கு நான் குடும்பத்தோடு போனேன். படத்திற்கு அரை மணி முன்னதாகவே உட்கார்ந்துவிட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லியிருந்ததன் காரணம் அங்கே விளங்கியது. மேடையின் முன்னே பள்ளத்திலிருந்து வுர்லிட்சர் நிறுவனத்தின் ஆர்கன், வாசிப்பவர் அமர்ந்திருக்கும் நிலையிலேயே, மெல்ல மேலெழுந்தது. விற்கப்பட்ட மூலக் கருவிக்கு ஈடாக நன்கொடையாகப் பெற்று, பல ஆண்டு உழைப்பில் சீராக்கி, 1981இல் நிறுவிய வேறொரு வுர்லிட்சர் அது. வாசிப்பவரின் கைகள் நான்கு அடுக்கு விசைப்பலகைகளில் ஓட, குழல்கள் எழுப்பும் நாதம் மறைவான அறைகளிலிருந்து வந்து சுவர்களையே அதிரச் செய்கிறது. பேசாப் படங்களின் காலத்தில் ஒரு முழு இசைக்குழுவின் வேலையை ஒருவரே செய்யக் கண்டுபிடித்த கருவி அது. மத்தளம், மணி, புல்லாங்குழல், இடியோசை எல்லாம் அதனுள் அடக்கம். ஒலிநாடாவில் கேட்டு அதை அறிய முடியாது. இருக்கையின் கைப்பிடியில் அதிர்வை உணர வேண்டும்.

ஆர்கன் இசை முடிந்ததும் பழைய செய்திச்சுருள், ஒரு கேலிச்சித்திரப் படம், முன்னோட்டங்கள், பின்னர் நுழைவுச் சீட்டின் எண்களை வைத்து மேடையில் பெரிய சக்கரத்தைச் சுழற்றிப் பரிசு தரும் குலுக்கல் விளையாட்டு என்று 1930களின் மாலைப்பொழுது வரிசை மாறாமல் நடந்தது. சக்கரம் சுழலும்போது மூவாயிரம் இருக்கை அரங்கில் எழும் கூச்சல், அறிமுகம் இல்லாதவர்கள் ஒருவர் சீட்டை ஒருவர் எட்டிப் பார்த்து எண்ணைச் சரிபார்ப்பது, பால்கனியில் ஒரு குழந்தை பரிசு பெற்று மேடைக்கு ஓடி வரும்வரை எல்லாரும் கைதட்டிக்கொண்டே இருந்தது ஆகிய எவையும் பல்திரை வளாகங்களில் எனக்குக் கிடைத்ததில்லை. படம் தொடங்கிய பின்னும் அந்தக் கூட்ட உணர்வு குறையவில்லை. ஒரு நகைச்சுவை வரிக்குச் சிரிப்பு கீழ்த்தளத்தில் தொடங்கி, ஒரு நொடி தாமதித்து பால்கனிக்கு ஏறி, அங்கிருந்து திரும்பவும் இறங்கியது. எழுபது ஆண்டுகளுக்கும் மேல் பழைய படத்தில், அதை எடுத்தவர்கள் சிரிப்புக்காக விட்டுவைத்திருந்த இடைவெளிகள் எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். வீட்டில் தனியாகப் பார்க்கும்போது மெதுவாக நகர்வதாகத் தோன்றும் அந்தக் காட்சிகள், மூவாயிரம் பேருக்காக அளந்து எடுக்கப்பட்டவை.

ஆயினும் இத்தகைய திரைப்பட இரவுகள் ஆண்டில் சிலவே நடக்கின்றன என்பது எனக்கு வருத்தம் தருகிறது. கச்சேரிகளின் வருவாயில்தான் அரங்கு வாழ்கிறது என்பதை அறிவேன். இருந்தாலும் திரைக்காகக் கட்டிய ஓர் இடத்தில் திரை விருந்தாளியாக இருப்பது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. இதை மற்ற இரண்டு அரங்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாரமவுண்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், டெலிகிராஃப் அவென்யூவில், 1928இல் திறந்த ஓக்லாந்து ஃபாக்ஸ் அரங்கு இருக்கிறது. 1960களில் மூடிய அது பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்து, 1996இல் நகராட்சியால் வாங்கப்பட்டு, 2009இல் இசை அரங்காக மீண்டும் திறந்தது. அதன் மேடையின் இருபுறமும் அமர்ந்திருக்கும் பெரிய பொன்னிற உருவங்களைப் பார்க்கும் எந்தத் தமிழரும் ஒரு கணம் நின்றுவிடுவார். நம் கோயில் சிற்பங்களின் சாயலையும் அரேபியக் கதைகளின் கற்பனையையும் கலந்து, ஹாலிவுட் காலத்து அமெரிக்கர்கள் கிழக்குத் திசையை எப்படிக் கனவு கண்டார்கள் என்பதற்கு அவை சான்று. அங்கே இன்று நின்றுகொண்டு பாட்டுக் கேட்கும் இளைஞர் கூட்டமே பெரும்பான்மை. அதே கட்டடத்தின் மற்றொரு பகுதியில் ஒரு கலைப் பள்ளி இயங்குகிறது.

மூன்றாவது, பக்கத்து ஊரான அலமீடாவில் ஃப்ளூகர் 1932இல் கட்டிய அலமீடா திரையரங்கு. இடைக்காலத்தில் சறுக்குச் சக்கர விளையாட்டுக் கூடமாகவும் உடற்பயிற்சிக் கூடமாகவும் இருந்த அதை மீட்டெடுத்து, பக்கத்திலேயே சிறிய புதிய திரைகளையும் ஒரு வாகன நிறுத்துமிடத்தையும் கட்டி, 2008இல் திறந்தார்கள். பழைய பெரிய அரங்கில் புதிய படங்களே நாள்தோறும் ஓடுகின்றன. மறுசீரமைப்பின் நுட்பத்தில் அது பாரமவுண்டின் அருகில் வர முடியாது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் ஃப்ளூகரின் படிகளில் ஏறிப் படம் பார்க்கப் போவதை அங்கேதான் காண முடியும். இந்த மூன்றில் எது சிறந்த வழி என்று கேட்டால், கட்டடத்தைக் காக்க பாரமவுண்டின் வழி, திரையரங்கு என்ற பழக்கத்தைக் காக்க அலமீடாவின் வழி என்பேன். பாரமவுண்ட் நிர்வாகம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையையாவது திரைக்கு ஒதுக்கினால், இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பகல் சுற்றுலா நான் போன காலத்தில் குறிப்பிட்ட சனிக்கிழமைகளில் காலை 10 மணிக்கு நடந்தது. இப்போதைய நாள்களை அரங்கின் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடக்கவும் படியேறவும் வேண்டியிருக்கும் என்பதால், வயதில் மூத்தவர்களை அழைத்துச் செல்வோர் அதை முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிடுவது நல்லது. காரில் போவதைவிட ரயிலே வசதி. படம் பார்க்கப் போனால் பால்கனியின் முன்வரிசைகளைத் தேர்ந்தெடுங்கள். சுவர்ச் சிற்பங்கள் அங்கிருந்துதான் கண்மட்டத்தில் இருக்கின்றன, ஆர்கன் மேலெழுவதும் அங்கிருந்து முழுதாகத் தெரியும். இடைவேளையில் சிற்றுண்டிக்கு வரிசையில் நிற்பதற்கு முன் கீழ்த்தளத்துக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பெண்கள் அந்தக் கறுப்பு அறையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டும் வரலாம்.